மூன்று மொழி மழலை

கேள்வி: கணவர் வீட்டில் தெலுங்கு, எனக்குத் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். மூன்று வயது மகன் எல்லாவற்றையும் கலந்து பேசுகிறான். ஒன்றை நிறுத்திவிடலாமா?
– வாசகி, மாத்தூர்

பதில்: வேண்டவே வேண்டாம்! இந்த வயதில் கலந்து பேசுவது இயல்பு. கைக்கு எட்டும் சொல்லை எடுக்கிறான். பாட்டியிடம் தெலுங்கில் கேட்டால் முறுக்கு சீக்கிரம் வரும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் தானே பிரித்துப் பேசுவான். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் வீட்டில் பேசியதும் தெலுங்குதான். ஆனாலும் அவர் கரிசல் தமிழில் எழுதிய ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவல் 1991இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். தமிழுக்குத் தெருவும் நீங்களும் இருக்கிறீர்கள். தெலுங்குக்குத்தான் வீட்டைவிட்டால் நாதியில்லை. இரவுக் கதையைப் பாட்டியிடம் ஒப்படையுங்கள். விருந்தினர் முன்னால் மட்டும், “எங்கே, மூன்றிலும் சொல்லு” என்று அவனை நிறுத்தாதீர்கள்.