ஆம்பூரிலிருந்து கிளம்பி எம்.ஜி.ஆரின் நண்பராவது எப்படி?

சினிமா நட்சத்திரத்தின் வாழ்க்கை வரலாறு எழுதுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். வாழ்த்துகள். எழுத வருமா, அந்த நட்சத்திரத்தை நேரில் பார்த்ததுண்டா என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பாஸ்போர்ட்டை எடுங்கள்.

1. ஊரை விட்டுப் போங்கள். ஆம்பூரில் இருந்துகொண்டு எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதி யாரும் பெரிய ஆளானதில்லை. டீ ஆற்றுகிறவர் உங்களைவிட அதிகத் தடவை ‘நாடோடி மன்னன்’ பார்த்திருப்பார். ஒரு வசனத்தைத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள், பாய்லரை விட்டு இறங்கி வந்து திருத்துவார். ஷூ கம்பெனி மெர்ச்சண்டைசராக ஜெர்மனிக்குப் போங்கள். தோல் டெக்னீஷியனாக எத்தியோப்பியாவுக்குப் போங்கள். ஒன்றும் அமையாவிட்டால் துபாய் இருக்கவே இருக்கிறது. விமானம் தரையைவிட்டு எழும்பிய நிமிடத்திலிருந்து நீங்கள் ரசிகர் இல்லை, ஆய்வாளர்.

2. முதல் அத்தியாயத்தில் உங்கள் பிறப்பை எழுதுங்கள். எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17 அன்று இலங்கையில், கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நீங்கள் பிறந்தது ஒருவருக்கும் தெரியாது. எனவே அதுவே புதிய தகவல். ‘நாடோடி மன்னன்’ வெளியான 1958இல் நீங்கள் பிறக்கவே இல்லையென்றால் அம்மாவை முதல் காட்சிக்கு அனுப்பிவையுங்கள். அம்மாவும் பிறக்கவில்லையென்றால் பாட்டி எதற்கு இருக்கிறார்?

3. இனி அவரைச் சந்தித்தாக வேண்டும். பயப்படாதீர்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிற எவரும் பெரும்பாலும் ஆம்பூரைத் தாண்டித்தான் போவார்கள். உங்களுக்கு வேண்டிய ஆதாரம் அவ்வளவுதான். பிறந்த மண்ணின் தோல் தொழிலை இங்கே பயன்படுத்துங்கள். பச்சைத் தோலை அப்படியே கொண்டுபோய் எந்த மடையனும் ஏற்றுமதி செய்வதில்லை. ‘ஒரு கார் போனது, உள்ளே தொப்பி மாதிரி ஏதோ தெரிந்தது’ என்பது பச்சைத் தோல். அதற்கு உப்புப் போட்டு அடுக்குங்கள்: அது அவர் கார்தான். சுண்ணாம்புக் குழியில் இறக்கி முடியை உதிருங்கள்: பார்த்த தேதி, நேரம், கூட இருந்தவர்கள் எல்லாம் உதிர்ந்துவிடும், மாட்டிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. சதையைச் சீவி டிரம்மில் போட்டுச் சுற்றுங்கள்: கார் நின்றது, கண்ணாடி இறங்கியது, ‘என்ன படிக்கிறே தம்பி?’ என்றார். கடைசியாக பினிஷிங். நான்காம் பதிப்பில் அவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சீரகச் சம்பா பிரியாணி சாப்பிட வேண்டும். கத்தரிக்காய்த் தொக்கை இரண்டாம் தடவை கேட்டு வாங்க வேண்டும். இரண்டாம் பதிப்பிலேயே திண்ணைக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். அவசரப்பட்டுப் பதனிட்ட தோல் மழையில் நாறும்.

அவர் கை கழுவப் பாலாற்றுக்குப் போனதாகவும், அன்று ஆறு இரு கரையும் புரண்டு ஓடியதாகவும் சேர்க்கலாம். தோல் கழிவால் பாலாறு கெட்டது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னதை டொரன்டோ வாசகர் படித்திருக்க மாட்டார்.

4. எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்ட அன்று, அதாவது 1967 ஜனவரி 12 அன்று, நீங்கள் எங்கே இருந்தீர்கள்? தவறு. ராமாவரம் தோட்டத்தில், அவர் வீட்டு அறையிலேயே இருந்தீர்கள். அந்த அறையில் சுட்டவர், சுடப்பட்டவர், ஒரு தயாரிப்பாளர் என்று மூன்றே பேர் இருந்ததாக வழக்கு சொல்கிறது. அதற்குப் பிறகு வந்த நினைவுக் குறிப்புகளையும் மேடைப் பேச்சுகளையும் நம்பினால் அங்கே ஒரு கல்யாண மண்டபமே கூடியிருக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக நீங்களும் போய் நிற்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? அறைக்குள் இடமில்லையென்றால் அவரைக் கொண்டுபோன ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வாசலில் நில்லுங்கள். அங்கே தாராளமாக இடம் உண்டு.

5. ஆதாரம் காட்டாதீர்கள். எம்.ஜி.ஆரே ‘நான் ஏன் பிறந்தேன்’ என்று 1970களின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் தன் கதையை எழுதியிருக்கிறார். நாடகக் கம்பெனி, வறுமை, தாய் சத்யபாமா எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ‘விகடனில் எழுதியிருக்கிறார்’ என்று போடுகிறவன் குமாஸ்தா. ‘ஒருநாள் மாலை என்னிடம் மனம் திறந்தார்’ என்று போடுகிறவன் எழுத்தாளன்.

கெட்ட உதாரணங்களும் இருக்கின்றன, ஜாக்கிரதை. யாழ்ப்பாணமும் வேண்டாம், சென்னையும் வேண்டாம் என்று ஜப்பானில் இருந்துகொண்டு எம்.ஜி.ஆரைப் பற்றி ஆங்கிலத்தில் பாகம் பாகமாக எழுதிய இலங்கைத் தமிழ் விஞ்ஞானி சச்சி ஸ்ரீகாந்தா, எதை எங்கே படித்தேன் என்று பட்டியல் போடுகிறார். ஐ.நா. சபை வேலையில் இருந்தபடி 2017இல் எம்.ஜி.ஆர். வரலாற்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஆர்.கண்ணன், பக்கம் பக்கமாகக் குறிப்பு கொடுக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் வசதியை இப்படி வீணடிக்கலாமா? அவர்கள் எழுத்தில் ஆசிரியரும் நட்சத்திரமும் தோளில் கை போட்டு நிற்கும் ஒரு காட்சிகூடக் கிடையாது.

6. தமிழ் மறந்துபோனால் கவலை வேண்டாம். இயக்குநர் எல்லிஸ் டங்கனைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள். ஒஹையோக்காரர். 1935இல் இந்தியா வந்து, தமிழ் தெரியாமலே ‘சதி லீலாவதி’, ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ எடுத்துவிட்டு 1950இல் திரும்பிப் போனார். எம்.ஜி.ஆரை முதன்முதலில் திரையில் காட்டியதே இந்த மனிதர்தான், 1936இல், ‘சதி லீலாவதி’யில், ஒரு சின்ன போலீஸ் வேடத்தில். ஆனால் அவர் செய்த பெரிய பிழையை மட்டும் செய்யாதீர்கள். எம்.ஜி.ஆரை நிஜமாகவே அறிந்தவர், ஊர் திரும்பியதும் புத்தகம் போட வேண்டாமா? அரை நூற்றாண்டு சும்மா இருந்தார். தன்வரலாறு வெளிவந்தது 2001இல். அதே ஆண்டில் காலமாகிவிட்டார். பொன்னாடை போர்த்தக்கூட ஆள் இல்லை.

7. ஊர்ப்பற்று காட்டுங்கள். ‘சதி லீலாவதி’யின் நாயகன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிப்போகிறான், எம்.ஜி.ஆர். அந்தத் தேயிலைச் சீமையில்தான் பிறந்தார். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை வெள்ளையர் 1816இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள், 1832இல் இங்கேயே இறந்தான், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. மூன்று செய்தியும் உண்மை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ‘ஆகவே’ என்று ஒரு சொல்லைப் போட்டு முடிச்சுப் போடுங்கள். தலைப்பு ‘கண்டி கொடுத்த கடனை வேலூர் தீர்த்த கதை’. முனைவர் பட்டம் வாங்கியவர்கள்கூட இதற்குமேல் செய்வதில்லை.

8. எக்காரணம் கொண்டும் ஆர்.நடராஜ முதலியாரைப் பற்றி எழுதிவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சபலம் தட்டக்கூடிய இடம் இது. வேலூரில் 1885இல் பிறந்தவர். சென்னையில் சைக்கிளும் மோட்டார் காரும் விற்றுக்கொண்டிருந்தவருக்கு சினிமாப் பித்துப் பிடித்தது. ஸ்டீவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரக் கேமராக்காரரிடம் புனேயில் தொழில் கற்றார். கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ போட்டு ‘கீசக வதம்’ எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் முழுநீள மௌனப் படம் அது. ஆண்டு 1916 என்பாரும் உண்டு, 1917 என்பாரும், 1918 என்பாரும் உண்டு. பிறகும் புராணப் படங்கள் எடுத்து, 1923 வாக்கில் சினிமாவையே விட்டார். அதற்கப்புறம் 1971 வரைக்கும் உயிரோடு இருந்தார்!

ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஒரு மனிதர் கேள்வி கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் எடுத்த ‘கீசக வத’த்தில் ஓரடி பிலிம்கூட இன்று கிடையாது. இப்படிப்பட்டவரைப் பற்றி எழுதினால் என்ன ஆகும்? ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். பழைய பத்திரிகைகளைப் புரட்ட வேண்டும். மூன்று ஆண்டில் எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். லீவில் வந்த பத்து நாளில் ஆகிற காரியமா? அவருக்கு ரசிகர் மன்றம் இல்லை, கட்சி இல்லை, கொடி இல்லை. நீங்கள் பிரியாணி கொடுத்ததாக எழுதினாலும் சிலிர்த்துப்போக ஒரு ஆள் கிடைக்காது.

9. அட்டைப்படத்தில் எம்.ஜி.ஆர். படம் சிறியதாக இருக்கட்டும்.

10. வெளியீட்டு விழாவை ஊரிலேயே வையுங்கள். ஆம்பூர் 2019இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் அழைப்பிதழில் ‘வேலூர் மண்ணின் மைந்தர்’ என்றே போடுங்கள்; கோட்டை உள்ள ஊருக்குத்தான் எடுப்பு அதிகம். புத்தகத்தைப் படிக்காதவராகப் பார்த்துச் சிறப்புரைக்கு அழையுங்கள். படித்தவர் வந்தால் புத்தகத்தைப் பற்றிப் பேசிவிடுவார்.

கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒரு கிழவர் இருப்பார். வாஹினி ஸ்டூடியோவிலோ சத்யா ஸ்டூடியோவிலோ லைட் பிடித்தவர், எம்.ஜி.ஆரோடு ஏழெட்டுப் படம் வேலை செய்து, பிறகு ஊரோடு வந்து செருப்புக் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தவர். ‘தம்பி, அன்னிக்கு அவர் அந்தப் பக்கமே வரலியே’ என்று எழுந்திருக்கப் பார்ப்பார். மைக்கைக் கொடுத்துவிடாதீர்கள். ‘ஐயா, பந்தி ஆரம்பிச்சாச்சு, நீங்க முதல்ல போய் உட்காருங்க’ என்று கைத்தாங்கலாக அழைத்துப் போங்கள். அப்படியே அவரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த புத்தகத்தில் ‘எம்.ஜி.ஆரின் நெருங்கிய வட்டத்தினருடன் நூலாசிரியர்’ என்று போட உதவும்.