ஒரு எட்டு நடந்து கேட்டா என்னலே?

வேலைய விட்டுட்டு ஊர்ல போய்க் கரிசக்காட்டுல பருத்தி போடப் போறியாமே, பேராண்டி? மெத்தச் சந்தோசம். பம்பாய் மாட்டுங்காவுல மூணாவது மாடியில துளசிச் செடியக் காயவிட்ட கைதான அது, காடு தாங்கும். போன்ல அம்புட்டு வீடியோவும் பாத்து முடிச்சாச்சாம். பிறகு கெழவன் சொல்ல என்ன இருக்கு? ஒண்ணே ஒண்ணுதான். ரயில் ஏறதுக்கு முன்னால அடேன்வாலா ரோட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வா.

தெனமும் ஃபைவ் கார்டன்ஸ்ல காத்து வாங்கப் போறியே, அந்தப் பக்கம் தொங்குத போர்ட என்னைக்காவது வாசிச்சியா? மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். சிர்காட்டும்பாங்க. 1924-ல ஆரம்பிச்சது. நாடு முழுக்க வளத்தெடுக்குத புது ரகத்துப் பஞ்செல்லாம் இவங்க சோதனைக்கு வரும். இழை எம்புட்டு நீளம், இழுத்தாத் தாங்குமா, நூத்தா அறுமான்னு பாத்துச் சொல்லுவாங்க. பருத்தியே வெளையாத பம்பாய்ல இது எதுக்குங்கியா? அப்போ பரேல், லால்பாக் பூரா மில்லுலே. பஞ்சு வந்து சேருத எடத்துலதான பஞ்சப் பாக்கணும். இப்போ ஃபீனிக்ஸ் மில்லு மாலாப் போச்சு. நீயும் அங்க போய்ப் பாலியெஸ்டர் சட்டையப் பருத்தி வெலைக்கு வாங்கிட்டு வாரே. லேபு மட்டும் நின்ன எடத்துல நிக்கி.

சரி, பருத்தி எடுத்து முடிஞ்சதும் நிக்குத காஞ்ச செடி, அந்த மார என்ன செய்வே? தீ வச்சிருவே. அருமையான ரோசனை! ஏக்கருக்குச் சுமார் ஒரு டன் மாரு நிக்கும், கொளுத்திப்போட்டு இயற்கை விவசாயம்னு போட்டோவும் எடுத்துக்கோ. இல்ல, சோம்பப்பட்டு நிக்க விட்டுட்டியா, அது இன்னும் பெரிய தர்மம். இளஞ்சிவப்புக் காய்ப்புழு வெடிக்காத காய்க்குள்ள கால நீட்டித் தூங்கி, அடுத்த வெள்ளாமைக்குத் தெம்பா எந்திரிச்சு வரும். 2002-ல புழுவக் கொல்லுத ஜீன் வச்ச பிடி பருத்தி வந்தப்போ புழு ஒழிஞ்சதுன்னு மேளம் அடிச்சாங்க. பத்து வருசம் முடியல, குஜராத்துல அந்தப் புழு முதல் பிடியத் தின்னு ஏப்பம் விட்டுட்டு. ரெட்டை ஜீன் வச்சுப் பாத்தாங்க, பின்னால அதையும் செரிச்சிட்டு.

அந்த மாரத்தான் சிர்காட்டுக்காரங்க பலகையா அழுத்திக் காட்டியிருக்காங்க. கட்டி எரிபொருளாக்கலாம், மக்க வச்சு உரமாக்கலாம், சிப்பிக்காளான் வளக்கலாம். நாக்பூர்ச் சுடுகாட்டுல விறகுக்குப் பதிலா விவசாயக் கழிவுக் கட்டைய எரிக்காங்க. வேட்டி கொடுத்த காடு கடைசியில சிதையும் கொடுக்கு, பாத்துக்கோ.

மாடும் வளக்கப் போறேல்லா? அப்போ பருத்திக்கொட்டை சங்கதியக் கேட்டுக்கோ. கொட்டையில காசிபால்னு ஒரு நஞ்சு உண்டு. புழு கடிக்காம இருக்கச் செடி வச்சிருக்கது. வளந்த மாட்டோட அசைபோடுத வயிறு அத ஓரளவுக்கு அடக்கிரும். கன்னுக்குட்டிக்கு அந்தத் தெம்பு கெடையாது, கோழிக்கும் ஆகாது. மிஞ்சிப் போட்டா முட்டையில மஞ்சக்கரு பச்சையடிக்கும், நீ அதையும் நாட்டுமுட்டைன்னு கூட வெலைக்கு வித்திருவே. பொலிகாளைக்கு அள்ளி அள்ளி வைக்காத, வேலை கெட்டுப்போகும். சுத்தம் பண்ணாத பருத்திக்கொட்டை எண்ணெயில சமைச்ச ஊர்ல புள்ளைப்பேறு கொறஞ்சதக் கண்டுபிடிச்சு, சீனாக்காரன் 1970கள்ல அதையே ஆம்பிளைக்குக் கருத்தடை மருந்தாச் சோதிச்சான். நீ இன்னும் கல்யாணம் ஆகாதவன், அதான் சொல்லி வைக்கேன். மதுரைப் பருத்திப்பால் கடைக்காரர் கம்பெடுத்துட்டு வரண்டாம், சூட்டுல நஞ்சு கொறையும்.

புண்ணாக்குல இருக்க நஞ்ச நுண்ணுயிர் வச்சுக் கொறைக்க இதே சிர்காட்டுல வழி கண்டிருக்காங்க. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல கீர்த்தி ரத்தோர்ங்கவரு, எலையில நஞ்ச விட்டு வச்சு விதையில மட்டும் கொறச்ச பருத்தியையே உண்டாக்கிட்டாரு. 2019-ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்த விதைய மனுசனும் திங்கலாம்னு சொல்லிட்டு.

ஆராய்ச்சி பண்ணுதவங்களத் தூக்கி வச்சு ஆடுதேன்னு நெனைக்காத. மார்ல காளான் மொளைக்கும்னு சொல்லுதது லேசு. மாரப் புடுங்க, கட்ட, ஏத்தக் கூலி யாரு தருவா? கனம் கெடையாது, எடத்த மட்டும் அடைக்கும். லாரி வாடகைக்கே காசு பத்தாது. தூளடிக்கிற மெசின் காட்டுக்கே வந்தாத்தான் கதை நடக்கும். அத ஒத்தையா நீ வாங்க முடியாது, நாலு ஊர் சேரணும். நாலு ஊர் சேருதது ஆராய்ச்சிய விடக் கஷ்டம்லே.

அதனால போய் நேராக் கேளு: மெசின் என்ன வெலை, எத்தன ஏக்கர் சேந்தாக் கட்டும், தூள வாங்க ஆள் யாரு? நாளைக்குத் திங்கக்கெழமை, ஆபீசு தொறந்திருக்கும். லீவு போட்டுட்டுப் போ. வேலையத்தான் விடப்போறியே, லீவு கேக்க என்னலே பயம்?