மொதல்ல கேட்டது நான்தான்!

ஏலே தம்பி, இங்கன வந்து உக்காரு. அமெரிக்காவுல கிறிஸ்தவ ராக் பாண்டுன்னு ஒரு கூட்டம் அம்பது வருசத்துக்கு மேல கிட்டாரத் தூக்கிக்கிட்டு அலையுது, தெரியும்லா? அதுக்கு ரசிகர்மாரும் ஏகப்பட்ட பேரு இருக்காவ. அவுகள்ல ஒருத்தன்கிட்ட போயி, "இந்த பாண்டு ஒனக்கு எப்பிடிப்பா தெரியும்?"னு என்னைக்காவது கேட்டிருக்கியா? கேட்டுறாத. கேட்டா அன்னைக்கு மத்தியானச் சோறு ராத்திரிதான்.

மவ வீட்டுக்குன்னு போயி அங்கன கொஞ்ச காலம் இருந்தேன்லா, அப்பம் பாத்தது. ஆராதனை முடிஞ்சு ஆளுக்கொரு காப்பிய வெச்சுக்கிட்டு நிக்கைல இந்தப் பேச்சு வரும். ஒடனே ஒவ்வொருத்தனும் தொண்டையச் செருமுவான். நம்ம ஊரு கன்வென்ஷன் பந்தல்ல சாட்சி சொல்ல ஏறுதவன் மொகம் ஒரு மாதிரி கனிஞ்சு போவும்லா, அந்த மொகம் வந்துரும். "நான் அப்போ இருட்டுல இருந்தேன்"னு ஆரம்பிப்பான். எந்த இருட்டுலடே? கரண்டு போயிருந்துச்சா? வயசு பதினாலு. அப்பன் சம்பாத்தியம், அம்மை சமையல், மாடியில தனி ரூம்பு. அதுதான் அவன் கண்ட இருட்டு. அதுக்குள்ள ஒரு நா ஒரு பாட்டு வந்துச்சாம், ஒலகமே நின்னு போச்சாம். பாட்டு எந்த வழியா வந்துச்சுன்னு கேட்டா மட்டும் காப்பி ஆறிப்போச்சும்பான்.

நான் விடுவேனா? கெழவனுக்கு வேற என்ன சோலி? "கேசட்டு யாருடே வாங்குனா?"ன்னு கேப்பேன். தலையச் சொறிவான். ரெண்டு மூணு தடவ கேட்டா மெதுவா வரும்: அம்மை வாங்கிக் குடுத்தா.

அந்தக் கதைய நீ தெரிஞ்சுக்கிடணும். அங்க ஊருக்கு ஊரு கிறிஸ்தவப் புஸ்தகக் கடை இருந்துச்சு. வேதாகமம் இருக்கும், சுவத்துல மாட்டுத வசனம் இருக்கும், ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துப் பொஸ்தகம் இருக்கும். ஒரு மூலையில கேசட்டு. அந்த மூலைச் சுவத்துல ஒரு அட்டவணை தொங்கும். எடது பக்கம் ஒலகத்தான் பாண்டு, வலது பக்கம் விசுவாசி பாண்டு. ஒம் மவன் மெட்டாலிகா கேக்கானா? நேரா வலது பக்கம் பாரு, அதே உறுமல், அதே இரைச்சல், வார்த்தை மட்டும் வேதத்துல உள்ளது. வாலிபருக்குன்னு தனியா வெச்சிருக்க பாஸ்டர்மாரும் இதே அட்டவணைய நகலெடுத்துப் பயலுவ கையில குடுப்பாவ.

அம்மைமாருக்கு என்ன கணக்கு? மாடியில கேக்குத சத்தத்த நிறுத்த முடியாது. சத்தத்துக்குள்ள இருக்க சங்கதியையாவது மாத்துவோம். எவ்ளோ பெரிய சூட்சுமம் பாத்தியா? அந்தத் தாய்மாரு இல்லைன்னா பாதி பாண்டு கஞ்சிக்கு இல்லாம செத்திருக்கும். ஆனா ரசிகன் சொல்லுத சாட்சியில அம்மை பேரு எங்கயாவது வருதா? அவ வரமாட்டா. அவ வந்தா அந்த இருட்டு வெளிச்சமாயிரும்லா.

அதுக்கு முந்தின கதை வேற. 1969ல லேரி நார்மன்னு ஒருத்தரு, தோள் வரைக்கும் தலைமயிர விட்டுக்கிட்டு, கேபிடல் கம்பெனியில 'அப்பான் திஸ் ராக்'னு ஒரு தட்டு போட்டாரு. வேதக்கோயில்காரவ பலரும் மூஞ்சியச் சுளிச்சாவ. முடியப் பாரு, சட்டையப் பாரு, கொட்டப் பாருன்னு. நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுது? தஞ்சாவூரு வேதநாயகம் சாஸ்திரியாரு கர்நாடக ராகத்துல ஏசுவப் பாடி வெச்சுட்டுப் போனாரு. அதையே கேட்டு வளந்தவன், கோயிலுக்குள்ள கிட்டாரு வந்தப்ப குதிச்சதை நான் கண்ணால கண்டிருக்கேன். சரி, அந்த சாஸ்திரியாரு பாட்டு ஒமக்கு எப்பிடி வேய் தெரியும்னு எங்கிட்ட எவனாவது கேட்டா என்ன சொல்லுவேன்? ஆச்சி பாடுனா, கேட்டேன். அதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு?

இப்பம் பெட்ராவ எடுத்துக்கோ. 1972ல இண்டியானா மாநிலத்துல ஃபோர்ட் வெய்ன்ங்கிற ஊருல பாப் ஹார்ட்மன் ஆரம்பிச்ச பாண்டு. பாவம், ரொம்ப வருசம் ரெண்டுங்கெட்டான் பொழப்பு. கோயிலுக்குப் போறவனுக்குக் கிட்டாரு பிடிக்கல, கிட்டாரு பிடிச்சவனுக்குக் கோயிலு பிடிக்கல. பெறவு 1981ல 'நெவர் சே டை'ன்னு ஒரு தட்டு. அதுல 'தி கலரிங் சாங்'னு ஒரு மெதுப்பாட்டு. தாலாட்டுல பாதி, ஜெபத்துல பாதி. கிறிஸ்தவ ரேடியோக்காரன் அதைப் போட்டான். கேட்ட நல்ல மனுசனெல்லாம் ஆகா என்ன அடக்கம், என்ன அமைதின்னு துட்டக் குடுத்து தட்ட வாங்கிட்டுப் போனான். வீட்டுல போட்டுப் பாத்தா மத்த பாட்டெல்லாம் கூரையத் தூக்குது! தூண்டில்ல புழுவக் கோத்தது யாருடே? அப்பிடி மாட்டுனவனும் பின்னாள்ல, "அவுங்க ராக் ஆவேசம்தான் என்னை இழுத்துச்சு"ன்னு சொல்லுவான். இழுத்தது தாலாட்டுடே.

அந்தக் காலத்துல இன்னொரு கோட்டித்தனமும் நடந்துச்சு. ராக் தட்டத் திருப்பிச் சுத்துனா உள்ள பிசாசு பேசும்னு ஒரு பீதி. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கவனுக்கு மதி எங்க போச்சு? ஆனா படிச்சவன், கோட்டு போட்டவன், பிரசங்கம் பண்ணுதவன் எல்லாரும் உக்காந்து வெரலால தட்டப் பின்னால சுத்துதான். பெட்ராக்காரன் சும்மா இருப்பானா? 1982ல 'மோர் பவர் டு யா' தட்டுல, 'ஜூடாஸ் கிஸ்' பாட்டுக்கு முன்னால மெய்யாவே ஒண்ணத் திருப்பிப் பேசி வெச்சான். மெனக்கெட்டுப் பின்னால சுத்திக் கேட்டா என்ன வருது தெரியுமா? ஆண்டவரத் தேட வேண்டிய நேரத்துல பிசாச எதுக்குத் தேடுதீயன்னு கேக்கான். அன்னைக்கு எத்தனை ஐயருமாருக்குக் கண்ணாடி நெத்திக்கு ஏறிச்சோ! பிசாசப் பிடிக்கப் போயி அந்த பாண்டுக்கே ரசிகனா திரும்பி வந்தவன் எவனாவது இருப்பான். இருந்தா, அவன் சாட்சியத்தான் நான் கேக்கணும்.

ஸ்ட்ரைப்பர் கூத்து அதுக்கும் மேல. கலிபோர்னியாவுல ஆரஞ்சு கவுண்டிப் பயலுவ நாலு பேரு. மஞ்சளும் கருப்புமா வரிவரியாச் சட்டை, மேல தூக்கிக் கட்டுன தலைமயிரு, கண்ணுல மை. மேடையில பாடிக்கிட்டே புதிய ஏற்பாட்டு பொஸ்தகத்தக் கூட்டத்துக்குள்ள வீசுவானுவ. பாண்டு எப்பிடித் தெரியும்னு கேட்டா நெத்தித் தழும்பத் தொட்டுக் காட்டலாம். 1986ல வந்த தட்டுக்குப் பேரே 'டு ஹெல் வித் தி டெவில்'. பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. எம்டிவியில பயலுவ போன் போட்டுப் போட்டுக் கேட்டாவ.

அதுல ஒரு சங்கதி இருக்கு, கேளு. அந்த பாண்டுல மைக்கேல் ஸ்வீட், ராபர்ட் ஸ்வீட்டுன்னு அண்ணந் தம்பி. சின்ன வயசுல டிவியில ஜிம்மி ஸ்வாகர்ட்டு பிரசங்கத்தப் பாத்துத்தான் விசுவாசத்துக்கு வந்தவ. அந்த ஸ்வாகர்ட்டு என்ன செஞ்சாரு? கிறிஸ்தவ ராக்குன்னாலே ஆகாது, ஆட்டுத்தோலு போத்துன ஓநாயின்னு 1987ல பொஸ்தகமே போட்டாரு. ஸ்ட்ரைப்பரையும் ஏசுனாரு. விதைச்ச மனுசனே வெட்ட வந்தா எப்பிடி இருக்கும்? ஆனா பாண்டுக்கு என்ன நட்டம்? நீயே சொல்லு, பிரசங்கத்துல ஐயரு நல்லாருக்குன்னு சொன்ன பாட்ட எந்தப் பயலாவது தேடிப் போயிருக்கானா? ஆகாதுன்னாரு, அன்னைக்கே கடைக்கு ஓடுனான். அந்தக் காலத்துல இந்த பாண்டுகளுக்குக் கூலியில்லாம விளம்பரம் பண்ணது ஏசுத பிரசங்கிமாருதான். சம்பளம் கேட்டிருந்தா குடுத்திருக்கணும்.

பெறவு 'நான் அங்க இருந்தேன்' சாதி. இவுக தனி. 1984லேருந்து 2012 வரைக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்துல கார்னர்ஸ்டோன்னு ஒரு திருவிழா நடந்துச்சு. சிகாகோ ஜீசஸ் பீப்பிள் சபைக்காரவ நடத்துனது. பின்னால புஷ்னெல்ங்கிற ஊருல வயக்காட்டுலயே கூடாரம் போட்டாவ. பெரிய மேடை கெடைக்காத சின்னப் பாண்டெல்லாம் சொந்தமா ஜெனரேட்டரக் கொண்டாந்து, போற வார வழியிலயே மேடை போட்டு முழங்கும். "அந்த ஜெனரேட்டர் மேடையிலயே நான் அவுங்களக் கேட்டேன், அப்போ யாருக்கும் தெரியாது"ன்னு ஒருத்தன் நெஞ்ச நிமித்துவான். நெசமா பொய்யான்னு கண்டுபிடிக்க எங்கிட்ட ஒரு வழி இருக்கு. மெய்யாவே போனவன் பாண்டப் பத்திப் பேசமாட்டான். எங்க நெழலு இருந்துச்சு, எங்க தண்ணி கெடைச்சுது, சேத்துல எந்தச் செருப்பு போச்சுன்னுதான் பேசுவான். கோடை வெயில்ல வயக்காட்டுல நின்னவனுக்கு வேற என்ன ஞாபகம் இருக்கும்?

தெரியாமலே விழுந்தவன் கதை இன்னும் வேடிக்கை. 1995ல ஜார்ஸ் ஆஃப் க்ளேன்னு இல்லினாய்ஸ் கிரீன்வில் காலேஜு பயலுவ ஒரு தட்டு போட்டானுவ. அதுல 'ஃப்ளட்'டுன்னு ஒரு பாட்டு சாதாரண ராக் ரேடியோவுலயே ஓடிருச்சு. கேட்டவன் தலையாட்டுனான், வாங்குனான், நண்பன்கிட்டப் பீத்துனான். அதுக்குப் பெறவுதான் எவனோ காதுல ஓதுதான்: "ஏய், அது சபைக்காரப் பாண்டுடா." ஒடனே மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! நேத்துப் பிடிச்ச பாட்டு இன்னைக்குப் பிடிக்கலாமா கூடாதான்னு ரோசனை பண்ணுதான். அந்தப் பக்கம் கோயில்காரப் பயலுக்கு வேற கவலை. இத்தனை நாளு தனக்குன்னு பொத்தி வெச்சிருந்த பாண்டு ஊருக்கே பொதுவாயிருச்சேன்னு. சுவிசேசம் எல்லாருக்கும் போவணும்னு பாடுதான், பாட்டு எல்லாருக்கும் போனா அழுவுதான். இது என்ன ஞாயம்லே?

எனக்குப் பிடிச்சவ ஒருத்தி உண்டு. "சுவிட்ச்ஃபுட் ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?"னு கேட்டேன். கூச்சமே படாம சொன்னா: "2002ல 'எ வாக் டு ரிமெம்பர்' படத்துல மேண்டி மூர் பாடுச்சுல்லா, கேட்டுட்டு ஏங்கி ஏங்கி அழுதேன். யாரு எழுதுன பாட்டுன்னு விசாரிச்சேன், சுவிட்ச்ஃபுட்டுன்னாவ." அம்புட்டுதான் கதை. இதே கதை பல வாலிபப் பயலுவளுக்கும் உண்டு. சொல்லுவானா? கருப்புச் சட்டையில மண்டையோட்டப் போட்டுக்கிட்டு, காதல் படத்துல மூக்கு வடிய அழுதப்ப கண்டுபிடிச்சேன்னு எப்பிடிடே சொல்லுவான்? சான் டியேகோ கடற்கரையில அலைச்சறுக்குத அண்ணந் தம்பி பாண்டு, ஆரம்பத்துலேருந்தே தெரியும்பான். தங்கச்சி அந்தப் படத்துக்கு டிக்கெட்டு எடுத்துக் கூட்டிட்டுப் போனத விட்டுருவான்.

ஸ்கில்லெட்டுங்கிற பாண்டுக்கு ரசிகர்மாரு வந்தது இன்னொரு வழி. 2009ல அவுக 'மான்ஸ்டர்' பாட்ட டபிள்யூடபிள்யூஇ குஸ்திக்காரன் எடுத்துக்கிட்டான். எந்தக் குஸ்திக்கு? 'ஹெல் இன் எ செல்'. நரகம்னு பேரு வெச்ச கூண்டுக்குள்ள தடியனுவ ஒருத்தன ஒருத்தன் தூக்கிப் போடுதான், பின்னால ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போற புருசனும் பொஞ்சாதியும் சேந்து நடத்துத பாண்டு முழங்குது. அன்னைக்குக் குஸ்தி பாத்துக்கிட்டே அந்த பாண்டப் பிடிச்சுக்கிட்ட பிள்ளைய உண்டு. நான் அதைத் தப்புன்னே சொல்ல மாட்டேன். நெசத்தச் சொல்லுதான்லா, அது போதும்.

ஆனா 2003ல நடந்தது மாதிரி சிரிப்பு கெடையாது. எவனசன்ஸுன்னு ஒரு பாண்டு, 'ஃபாலன்'னு ஒரு சிடி. கிறிஸ்தவக் கடை அலமாரியிலயும் அடுக்குனாவ. அம்மைமாரு வழக்கம்போல வாங்கிக் குடுத்தாவ. அடுத்த மாசமே பாண்டுக்காரவ, எங்களக் கிறிஸ்தவப் பாண்டுன்னு சொல்லாதீயன்னு பத்திரிகையில பேசிட்டாவ. கம்பெனிக்காரன் எழுதுனான்: அந்தக் கடையில இருக்க சிடியெல்லாம் திருப்பி அனுப்புங்கன்னு. கடைக்காரன் பெட்டியக் கெட்டி அனுப்பிட்டான். வீட்டுக்கு வாங்கிட்டுப் போயி, இது என் ஆத்துமாவத் தொட்டுச்சுன்னு எழுதி வெச்ச பிள்ளை என்ன செய்யும்? ஆத்துமாவையும் சேத்துத் திருப்பி அனுப்பவா? பாட்டுல ஒரு எழுத்து மாறல. வெள்ளிக்கெழம ஆசீர்வாதம், திங்கக்கெழம ஆகாது.

நீ என்னலே சிரிக்கா? ஒன் கதை மட்டும் என்ன ஒசத்தி? போன வாரம் ஒரு பாண்டக் கண்டுபிடிச்சேன் தாத்தான்னு வந்து நின்னியே, எப்பிடிக் கண்டுபிடிச்ச? ஒரு பாட்டுக் கேட்ட, முடிஞ்சதும் அதே சாயல்ல அடுத்ததை அந்தப் போனே தள்ளிவிட்டுச்சு. அந்தப் பழைய கடைச் சுவத்து அட்டவணைதான்டே அது, இப்பம் ஒன் சட்டைப்பையில இருக்கு. அதுக்கு ஒரு சந்தா வேற மாசாமாசம் போவுதாமே. அது யாரு கார்டுலலே போவுது? ஒன் கார்டா, அம்மை கார்டா?