சம்பளம் இல்லாத சபை

கேள்வி: சம்பளம் கிடையாது, அதட்ட மேலாளர் கிடையாது. இப்படி இலவசமாக மென்பொருள் எழுதும் கூட்டம் எத்தனை நாள் தாங்கும்?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முப்பது வருஷத்துக்கு மேல் தாங்கியிருக்கிறதே, அம்மா! 1993இல் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கியது டெபியன் என்ற இயங்குதளம். உபுண்டு என்ற இயங்குதளமும் அதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. டெபியனின் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்தத் தலைவரால் யாரையும் வேலை ஏவ முடியாது! யாருக்கும் வேலை செய்யும் கட்டாயமில்லை, முடிவுகளுக்குக் குறுக்கே மட்டும் நிற்கக் கூடாது என்கிறது 1998இல் அவர்கள் ஏற்ற சாசனம். எனக்கு மிகப் பிடித்த சட்டம் இது. கட்டாயம் இல்லாத இடத்தில் விருப்பம் உள்ளவர்தான் உட்கார்ந்திருப்பார்.

ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் பொறுப்பாளர் உண்டு. பிழைப் பட்டியலை உலகமே பார்க்கலாம். புதியவர் நிரல்தான் எழுத வேண்டுமென்பதில்லை. பிழை சொல்லலாம், கையேடு திருத்தலாம், மொழிபெயர்க்கலாம். அவர் அனுப்பும் முதல் திருத்தத்துக்கு உடனே நன்றி சொல்ல வேண்டும். மௌனம்தான் ஆளை விரட்டும்.

டெபியனை நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். முன்பின் தெரியாத யாரோ நமக்காக உட்கார்ந்து செய்த வேலை அது. அடுத்த பதிப்பில் திருத்த நிறைய வரிகள் இருக்கும். வருகிறீர்களா?