முன்னாள் உடைமையாளர் இயல்: வேங்கிக்காலை முன்வைத்து ஓர் ஆய்வு

நோக்கம்: வட்டார வரலாற்று நூலின் மதிப்பு, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவரைப் பொறுத்ததே என நிறுவுதல்.

களம்: வேங்கிக்கால். திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவோடு நிற்கும் எவரைக் கேட்டாலும், தாளைவிடக் கையெழுத்துக்கே கனம் அதிகம் என்று ஆய்வாளரைவிடத் தெளிவாகச் சொல்வார்.

முதற்சிக்கல்: எதைத் தேடுவது? 1906இல் டபிள்யூ. பிரான்சிஸின் தென்னார்க்காடு மாவட்ட கெஜட்டியர் வந்தபோது திருவண்ணாமலை அந்த மாவட்டத்தில் இருந்தது. பிறகு வடார்க்காட்டுக்குப் போனது. 1989இல் தனி மாவட்டமானது. ஆகவே வேங்கிக்கால்காரர் சொந்த ஊரைப் படிக்க மூன்று மாவட்டத்துப் பரண்களை உருட்டியாக வேண்டும்.

வகைப்பாடு: முன்னாள் உடைமையாளர் மூவகை.
அ) புகழ்பெற்றவர். இவர் புத்தகத்தில் கரையான் போட்ட ஓட்டை, தொன்மை.
ஆ) புகழ்பெறாதவர். அதே ஓட்டை, சேதம்.
இ) நூலகம். ஊதா ரப்பர் ஸ்டாம்பு தென்பட்டால், புத்தகம் வந்த வழியைக் கேட்காதிருப்பது சேகரிப்பாளர் மரபு.

எதிர்ச்சான்று: திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816லேயே எழுதியவர், சென்னைக் கலெக்டர் எஃப். டபிள்யூ. எல்லிஸ். 1819இல் ராமநாதபுரத்தில் இறந்தார். அவருடைய தாள்கள் மதுரைக் கலெக்டர் வீட்டுச் சமையல்காரருக்குப் பல மாதம் அடுப்பு மூட்டப் பயன்பட்டதாக அதிகாரி வால்டர் எலியட் பதிவு செய்திருக்கிறார். கலெக்டர் கையெழுத்துக்கே இந்தக் கதி என்றால் நம் கொள்கை என்னாவது? கவலை வேண்டாம். சமையல்காரர் மனுதாரர் அல்லர். எனவே கணக்கில் வரமாட்டார்.

மறுதலைச் சான்று: பெயர்ப்பலகை எழுதிய ஓவியர், கோட்டையூர் ரோஜா முத்தையா. நூல், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என லட்சத்தை ஒட்டிச் சேர்த்துவைத்தார். 1992இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கப்பலேற்றாமல், 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. அதற்கு இன்று அவர் பெயர். புகழ்பெற்றவரின் புத்தகத்தைத் துரத்துவது ஒரு வழி. சும்மா சேர்த்துக்கொண்டே போய் நாமே புகழ்பெற்ற முன்னாள் உடைமையாளர் ஆகிவிடுவது இன்னொரு வழி. இரண்டாவதில் செலவு குறைவு, வீட்டில் திட்டு அதிகம்.

பரிந்துரை: வேங்கிக்கால் குடும்பத்தார் கும்பாபிஷேக மலரையும் பள்ளி ஆண்டு மலரையும் எடைக்குப் போடாமல், முதல் பக்கத்தில் பெயரெழுதித் தேதி போட்டு வைக்கவும். புகழ் பெறும் வேலை மட்டுமே பாக்கி; அதைப் பேரப்பிள்ளைகளிடம் விடலாம்.