இரட்டைத் தட்டு ரசிகர்

இவரை அடையாளம் காண்பது எளிது. பாட்டு ஓடும்போது எல்லோரும் ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இவர் மட்டும் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருப்பார். விருந்தாளிக்குக் கிடைப்பது முதுகு தரிசனம்தான்.

ஏற்கெனவே ஒரு டர்ன்டேபிள் நன்றாகத்தானே ஓடுகிறது, இரண்டாவது எதற்கு என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பதில் தயாராக இருக்கும். அதைவிட ஆபத்து, அது சரியான பதிலாகவும் இருக்கும்.

"78 ஆர்.பி.எம். அரக்குத் தட்டுல பள்ளம் அகலம் சார். எல்பி ஊசியை இறக்கினா அடியில கிடக்கற அழுக்கைத்தான் உழும். அதுக்கு மூணு மடங்கு தடியான ஊசி வேணும். பாகவதருக்கும் இளையராஜாவுக்கும் ஒரே ஊசியா? ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டி, எடை சரிபார்த்து... முடியுமா சொல்லுங்க."

முடியாதுதான். அவரிடம் இருக்கும் 78 தட்டுகள் மொத்தம் மூன்று, அதிலும் ஒன்றில் விரிசல் என்பதை நாகரிகம் கருதி நாம் சொல்வதில்லை.

புது டர்ன்டேபிள் வந்து இறங்கிய பிறகுதான் ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' என்று எழுதிய துளை ஒரே ஜோடி என்பது கவனத்துக்கு வரும். "பக்கத்துல 'ஆக்ஸ்' காலியாத்தானே இருக்கு, மாமா?" என்று மருமகப்பிள்ளை வாயைத் திறப்பான். போச்சு. அவனை உட்காரவைத்து வகுப்பு ஆரம்பமாகும். கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். 400 மடங்கு வித்தியாசம்! போதாததற்கு, தட்டு வெட்டும்போதே கனமான ஒலியைக் குறைத்து, கீச்சு ஒலியைக் கூட்டித்தான் பதிகிறார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்யாமல் ஆக்ஸில் செருகினால் டி.எம்.எஸ்ஸே கொசுவாகிவிடுவார்.

"அப்போ பிளம்பர் போடற டி-ஜாயின்ட் மாதிரி ரெண்டு வயரையும் ஒண்ணாச் சேர்த்துட்டா?"

"ஒரு கார்ட்ரிட்ஜ் இன்னொண்ணுக்குப் பாரமாயிடும்டா!"

ஆக, தனியாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்கி, அதை ஆக்ஸில் செருகுவது என்று முடிவாகும். சாதாரண ப்ரீஆம்ப் போதாது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு 1954-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய தட்டுகளில் கம்பெனிக்கு ஒரு கணக்கு. எனவே திருகு நிறைய வைத்த, விலையும் நிறைய வைத்த ப்ரீஆம்ப்தான் வேண்டும்.

எல்லாம் மாட்டி, சத்தத்தைக் கூட்டினால் 'ம்ம்ம்...' என்று ஒரு ரீங்காரம். மின்சார வாரியம் வினாடிக்கு 50 சுழற்சியில் இலவசமாகத் தரும் சுருதி. "ஏங்க, சுருதிப்பெட்டியும் வாங்கிட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். எர்த் வயரை முடுக்கியதும் ரீங்காரம் அடங்கும். மனிதர் முகத்தில் இப்போது புதுக் கலவரம். "சத்தமே இல்லையே, எங்கேயோ கழண்டிருக்கு!" மறுபடியும் முதுகு தரிசனம்.

ஒருவழியாக அரங்கேற்றம். அரக்குத் தட்டில் ஒரு பக்கம் ஓடுவதே ஏறத்தாழ மூன்று நிமிடம். அதில் பல்லவி முடிவதற்குள் ஸ்விட்சைத் திருப்பி, அதே பாட்டை மற்ற டர்ன்டேபிளில் எல்பியாக ஓடவிடுவார். அனுபல்லவிக்குள் திரும்பவும் பழையது. "எதுல உயிர் இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்?" பழகிய விருந்தாளிகள் அவர் கண் எந்தத் தட்டின் மேல் இருக்கிறது என்று பார்த்து, அதைச் சொல்லிவிட்டு பஜ்ஜியை எடுத்துக்கொள்வார்கள். பழகாதவர்கள் "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்பார்கள். அவர்களுக்கு முதலிலிருந்து மறுபடி போடப்படும்.

பாகவதர் அந்தப் பாட்டை எப்படி முடித்தார் என்று அந்த வீட்டில் தெரிந்தவர் வீட்டுக்காரம்மா ஒருவர்தான். பஜ்ஜி போட்டுக்கொண்டே செல்போனில் கேட்டு முடித்துவிட்டார்.