தறி இருந்த இடம்

எண்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆக்குபேஷனல் தெரபி பிரிவு ஒரு பட்டறை. நடுவில் காலால் மிதித்து நெய்கிற தறி. சுவரோரமாகத் தச்சுமேசை, தையல் மெஷின், சைக்கிள் பெடலில் ஓடும் ரம்பம், தொட்டியில் ஊறும் பிரம்பு. புதிதாக வருகிறவர்கள் இது ஆஸ்பத்திரியா கைத்தொழில் பள்ளியா என்று வாசலிலேயே கேட்பார்கள். ஆனால் அங்கே காரணமில்லாமல் ஒரு பொருளும் நிற்கவில்லை. தறியின் மிதிகட்டை கணுக்காலுக்கு. இழையை நெருக்கி அடிக்கும் பலகையில் எடை கட்டினால் தோளுக்கும் முழங்கைக்கும் பயிற்சி. ரம்பத்தின் சீட்டை ஏற்றி இறக்கினால் முழங்கால் எவ்வளவு மடங்கவேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். மாலையில் நோயாளி தான் நெய்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போவார்.

அந்தப் பட்டறைக்கு வேலூரில் ஒரு பூர்வீகம் உண்டு. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவை செய்து நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தவர்களில் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். கோணல் கைக்கு விழுந்த பிச்சை நிமிர்ந்த கைக்கு விழவில்லை. வேலை கொடுக்கவோ யாரும் தயாரில்லை. அதற்குப் பிறகுதான் நவஜீவ நிலையம் வந்தது. நோயாளிகள் அங்கே மண்குடிசைகளில் தங்கி, தச்சும் பொம்மை செய்வதும் கற்று, உணர்ச்சியற்ற விரல்களைப் புண்ணாக்காமல் வேலை செய்யப் பழகினார்கள். அறுவை முடிந்த கைக்கு வாழ்க்கை வேண்டும் என்பதை பிராண்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த நோயாளிகள். என் தொழிலின் முதல் பாடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் எந்த வகுப்பையும் நான் தொடங்கியதில்லை.

டாக்டர் மேரி வர்கீஸின் கதையும் அதே ஊர்தான். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

எங்கள் படிப்புக்கு இந்தியாவில் வித்திட்டவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, பிலடெல்பியாவில் பயின்று, மராட்டியக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் அவர் தொடங்கியதுதான் நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளி. 1952-ல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இவ்வளவு முன்னால் தொடங்கிய நாட்டில் இன்னும் மாவட்டத் தலைநகரங்களிலேயே எங்களைத் தேடிப்பிடிக்க வேண்டியிருப்பது என்னை இன்றும் வருத்துகிறது.

எங்களுக்கு அன்று படிப்பு என்பது ஜெராக்ஸ். டிராம்பிளி எழுதிய தடிமனான பாடப்புத்தகம் துறைக்கு ஒரே பிரதி. யார் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள் என்று நோட்டில் எழுதிவைப்போம். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று கைக்கு வந்தால் அது ஏற்கெனவே பழசாகியிருக்கும். மீதி எல்லாம் சீனியர் அக்காவின் கையைப் பார்த்துத்தான். அலுமினியப் பட்டையை வளைத்து, பிவிசி பைப்பைச் சூடாக்கி அகலமாக்கி, கையைத் தாங்கும் ஸ்ப்லின்ட் செய்வார். விளிம்பைத் தன் கன்னத்தில் வைத்து உரசிப் பார்ப்பார். உணர்ச்சியில்லாத கைக்கு விளிம்பு குத்துவது தெரியாது, நமக்குத்தான் தெரியணும் என்பார். வெந்நீரில் போட்டால் குழைகிற தெர்மோபிளாஸ்டிக் ஷீட் இன்று வந்துவிட்டது, அரை மணியில் ஸ்ப்லின்ட் தயார். விளிம்பைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க மட்டும் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

தொண்ணூறுகளில் தறி போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் தூக்கவில்லை. எங்கள் துறை மருத்துவத்தின் மற்ற பிரிவுகளோடு சமமாக உட்கார விரும்பியது, கூடை முடைவது அதற்குக் குறுக்கே நிற்பதாகத் தோன்றியது. உலகம் முழுக்கவே அப்போது அப்படித்தான். லண்டனில் பெர்ட்டா, காரெல் பொபாத் தம்பதி வகுத்த முறை எங்களுக்குப் பெரிய வெளிச்சமாக வந்தது: தெரபிஸ்ட்டின் கைகள் நோயாளியின் உடலை வழிநடத்தி, இறுக்கத்தைத் தளர்த்தி, இயல்பான அசைவை வரவழைக்க வேண்டும். குழந்தைகளுக்கான அதன் அடிப்படைப் பயிற்சி எட்டு வாரம். அந்தச் சான்றிதழ் இருந்தவருக்குத் துறையில் தனி மரியாதை. தறி இருந்த இடத்தில் ரெக்சின் மெத்தை விரித்தோம், பெரிய பந்துகள் வந்தன, மேசைமேல் பெக் போர்டும் வண்ணக் கூம்புகளும் ஏறின. பக்கவாதம் வந்தவர் முளையைக் குத்தி எடுத்து, மறுபடி குத்தினார். எதற்கு என்று கேட்டவருக்கு நாங்கள் நரம்பியலில் பதில் சொன்னோம்.

பொபாத் முறையிலிருந்து நாங்கள் நிறையப் பெற்றோம். ஒரு குழந்தையின் உடலை எப்படிக் கவனித்துப் பார்ப்பது, பயந்த உடலை எப்படித் தொடுவது என்பதெல்லாம் அதன் கொடை. ஆனால் ஆய்வுகள் அதன் மையக் கருத்தைத் தாங்கவில்லை. 2013-ல் ஆஸ்திரேலிய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அயோனா நோவக்கும் குழுவினரும் மூளை முடக்குவாதத்துக்கான சிகிச்சைகளைச் சிக்னல் விளக்குபோல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். பொபாத் வழி சிவப்பில் விழுந்தது. பச்சையில் நின்றவை எவை? குழந்தையும் குடும்பமும் தேர்ந்த இலக்கை நோக்கி நேராகப் பயிற்சி, இரு கையையும் சேர்த்துச் செய்யும் வேலைகள், வீட்டிலேயே செய்யும் பயிற்சித் திட்டம்.

அதற்கு முன்பே பெரியவர்களின் பக்கவாதத்தில் இதே திசையில் செய்தி வந்துகொண்டிருந்தது. 2006-ல் வெளியான எக்ஸைட் ஆய்வில் 222 பேர். மணிக்கட்டையும் விரல்களையும் சற்றாவது தூக்க முடிந்தவர்கள் மட்டும் அதில் சேர்க்கப்பட்டார்கள். நல்ல கையை இரண்டு வாரம் உறையில் பூட்டிவிட்டு, பாதித்த கையாலேயே அன்றாட வேலைகளைச் செய்யவைத்தார்கள். ஓராண்டு கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. 2009-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் கேத்தரின் லாங் குழுவினர் 312 சிகிச்சை அமர்வுகளில் உட்கார்ந்து எண்ணிப்பார்த்தார்கள்: பாதித்த கை பயனுள்ள வேலை ஒன்றைச் செய்த தடவைகள் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32. மூளையில் மாற்றம் காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது.

லாங்கின் கட்டுரையை நாங்கள் துறையில் சேர்ந்து படித்த நாளில் நான் தறியைத்தான் நினைத்தேன். ஒரு சாண் துணி நெய்ய எத்தனை முறை நாடா ஓடவேண்டும், எத்தனை முறை பலகை அடிக்கவேண்டும்! அறிவியலுக்காகத் தூக்கிப்போட்ட பொருளிடம்தான் அறிவியல் கேட்ட எண்ணிக்கை இருந்தது.

பூ கட்டும் ஓர் ஆயாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். வலப்பக்கம் பாதித்து, விரல்கள் கொஞ்சம் அசையத் தொடங்கிய நிலையில் வந்தார். ஜூனியர் பெண் பெக் போர்டை எடுத்து வைத்தாள். நாலைந்து முளை குத்தினார்.

“ஏம்மா, இத்தக் குத்தறதுக்கா நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்?”

“கைக்குப் பயிற்சி ஆயா.”

“என் கைக்கு என்னா பயிற்சி வேணும்னு என்னியக் கேட்டியா?”

கேட்பதற்கென்றே ஓர் அளவுகோல் எங்களிடம் இருக்கிறது. 1991-ல் கனடாவில் உருவான சி.ஓ.பி.எம். தனக்கு எது செய்ய முடியவில்லை என்பதை நோயாளியே சொல்லவேண்டும். முக்கியமானவற்றில் ஐந்துவரை தேர்ந்து, இப்போது எவ்வளவு முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க் போடவேண்டும். இரண்டு மார்க் ஏறினால் அது பொருட்படுத்தத்தக்க மாற்றம். நான் படித்த காலத்தில் கையில் இருந்தது 1965-ன் பார்தெல் அட்டவணை. சாப்பிடுவதில் தேர்ச்சி என்றால் ரொட்டியில் வெண்ணெய் தடவுவது அதன் கணக்கு. சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும் விரல்களை அது யோசித்ததில்லை, வாளியிலிருந்து சொம்பில் மொண்டு தலையில் ஊற்றும் தோளையும் யோசித்ததில்லை. அந்த அட்டவணையை இன்றும் பயன்படுத்துகிறோம்; ஊர்விட்டு ஊர் ஒப்பிட அது வேண்டும். ஆனால் சிகிச்சையை அது தீர்மானிக்க விடுவதில்லை.

ஆயா சொன்னது மூன்று. பூ கட்டணும். கொண்டையைத் தானே போடணும். வெளிக்குப் போனால் மருமகள் கையை எதிர்பார்க்கக் கூடாது. ஜூனியர் அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய் அரளி மொட்டும் தடிமனான நூலும் வாங்கி வந்தாள். பெரிய பூ, கனமான நூல், தளர்ந்த முடிச்சு என்று தொடங்கி, மல்லிக்கு வந்து, கடைசியில் தொட்டாலே கசங்கும் கனகாம்பரத்துக்கு வந்தார்கள். பாதித்த கைக்கு நூலைச் சுற்றி இழுக்கும் வேலை. இரண்டு முழம் முடிவதற்குள் அந்த 32 எப்போதோ தாண்டிப்போயிருக்கும். அசையாமல் உட்கார்ந்து ஆரம்பித்தவர் பூக்கூடைக்காக முன்னே சாய்ந்து, பக்கவாட்டில் எட்டி, திரும்பி உட்கார்ந்தார். மெத்தையில் நாங்கள் படாதபாடு பட்டு வரவழைக்கும் அசைவுகள் அவை. வேகம் பழையபடி வரவில்லை. முகூர்த்த நாள் மாலைகளை மகள் கட்டுகிறாள், சரத்தை இவர் கட்டுகிறார். பூ கட்டுவதற்கு இரண்டில் தொடங்கிய மார்க் ஆறுக்கு வந்தது. கொண்டைக்கு ஏறவில்லை, தோள் இன்னும் வலிக்கிறது.

இந்தக் கதையோடு நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் ‘அட்டெண்ட்’ ஆய்வைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகள், 1250 பக்கவாத நோயாளிகள், 2017-ல் ‘லான்செட்’டில் வெளியீடு. குடும்பத்தாருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டுக்கும் போய்ப் பார்த்து, அவர்களே சிகிச்சையைத் தொடர்ந்தால் பலன் கூடுமா என்று சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் சேர்ந்து, இந்தப் பயிற்சி பெற்ற குழுவிலும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவிலும் 47 விழுக்காடு. வித்தியாசம் இல்லை. வீட்டுப் பயிற்சியில் என்னைப்போல் நம்பிக்கை வைத்தவர்களுக்கு அது கசப்பான செய்தி. எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் அதைப் படித்த அன்று யாரும் சீக்கிரம் எழுந்து போகவில்லை. குடும்பம் பயனற்றது என்று நான் அதைப் படிக்கவில்லை. சோறு பொங்கி, கூலிக்குப் போய், நோயாளியையும் பார்க்கிற ஒரு மருமகளிடம் தெரபிஸ்ட்டின் வேலையையும் ஏற்றிவைத்து, அதை மலிவான வழி என்று அரசுகள் எண்ணிவிடக் கூடாது என்று படிக்கிறேன். தெரபிஸ்ட்டுகள் வேண்டும். நிறைய வேண்டும். நோயாளி இருக்கும் இடத்தில் வேண்டும்.

இன்று கற்க வழிகளுக்குக் குறைவில்லை. ஜெராக்ஸுக்காக நாங்கள் காத்திருந்த கட்டுரைகளை ஜூனியர்கள் பஸ்ஸில் போனில் படிக்கிறார்கள். பட்டப்படிப்பில் பயிற்சிக் காலமும் உண்டு. உலகக் கூட்டமைப்பின் விதிப்படி அதில் குறைந்தது 1000 மணி நேரம் நேரடிக் களப்பயிற்சி. 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் எங்கள் தொழிலுக்கும் தேசியப் பதிவேட்டுக்கு வழி வந்துவிட்டது. இதற்காக ஒரு தலைமுறையே மனு எழுதியது. தொடர்கல்விப் புள்ளிகளும் வந்தன, வார இறுதிப் பயிற்சிகளும் வந்தன, சான்றிதழ்கள் சுவரை நிறைக்கின்றன. இதில் எனக்கு ஒரே ஒரு கவலை. ஞாயிறு கற்றது திங்கட்கிழமை சிகிச்சையை மாற்றியதா என்று எந்தப் புள்ளிமுறையும் கேட்பதில்லை. பயிற்சிக்குப் போய்வந்தவரின் நோயாளி ஆறு வாரத்தில் தான் கேட்டதைச் செய்கிறாரா என்பதைப் பார்த்துப் புள்ளி கொடுத்தால் எங்கள் தொழில் பத்தே ஆண்டில் வேறாகிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் அளவில் அதை ஆரம்பித்திருக்கிறோம். பயிற்சிக்குப் போய்வந்தவர் ஒரு நோயாளியின் தாளை எடுத்து, என்ன மாற்றினேன், என்ன ஆனது என்று கூட்டத்தில் சொல்லவேண்டும். சிகிச்சைக் குறிப்பில் கை எத்தனை தடவை வேலை செய்தது என்று எழுத ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். கணக்கு எண்ணுவது நோயாளியே. பலருக்கு அது பிடித்துவிட்டது. இப்போது மிச்சமிருப்பது வீட்டு விசிட். மாணவர்களும் ஜூனியர்களும் நோயாளியின் வீட்டுக்குப் போகிற நேரம் பணி நேரமாகவே கணக்காக வேண்டும், பஸ் காசும் தரவேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். இதுவரை சொந்தக் காசில்தான் போய்வருகிறார்கள். கோரிக்கையோடு ஆறு நோயாளிகளின் சி.ஓ.பி.எம். தாள்களையும் இணைத்தோம், மார்க் ஏறாதவற்றையும் சேர்த்து. அடுத்த மாதம் நிர்வாகக் குழு கூடும்போது அதைப் பேச ஜூனியரைத்தான் அனுப்பப்போகிறேன். அரளி மொட்டு வாங்கிய கணக்கிலிருந்தே தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.